மரகதத்தின் போனுக்கு வரும் ஆறு எண்கள்

மார்ச் 9

பிரஷர் 152/96. டாக்டர் தினமும் குறித்து வைக்கச் சொன்னதால் இந்த டைரி. விதைக்கடைக்காரர் நாளுக்கு ஒரு பக்கம் என்று தாராளமாகக் கொடுத்திருக்கிறார். இரண்டு எண்ணை எழுதிவிட்டு மிச்சப் பக்கத்தை வெறுமனே விட எனக்கு மனம் வரவில்லை. அதனால் நடந்ததையும் எழுதுகிறேன்.

இன்று நடந்தது நல்லதல்ல. நான் சமையல் குறிப்பெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஆப்பை மார்ச் 31ஆம் தேதி மாலையோடு மூடுகிறார்களாம். "இத்தனை நாள் எங்களோடு இருந்ததற்கு நன்றி" என்று ஒரு பூப்படம் போட்டு அறிவிப்பு. உள்ளே இருநூற்றுப் பதினான்கு குறிப்புகள். ஏழு வருடத்துச் சேகரம். பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டதால்தான் போனில் ஏற்றினோம். போனைக் கரையான் தின்னாது என்று நம்பினேன்.

இவரிடம் சொன்னேன். "போனாப் போகுது, நீதான் பாக்காமயே செய்யறயே" என்றார். பார்க்காமல் செய்வது இருபது. மீதி நூற்றுத் தொண்ணூற்று நான்கு?

மார்ச் 10

பிரஷர் 156/98. காரணம் சொல்கிறேன்.

ஆப்பைத் திறந்தேன். அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டு என்னை வெளியே தள்ளிவிட்டது. திரும்ப நுழைய ஓடிபி கேட்கிறது. ஓடிபி எந்த எண்ணுக்குப் போகும்? கணக்குத் தொடங்கியபோது கொடுத்த எண்ணுக்கு. அது எங்கள் வீட்டுப் பொதுப் போன். அந்தப் பொதுப் போன் இப்போது யாரிடம்? மரகதத்திடம்.

மரகதம் என் ஓரகத்தி. என் கொழுந்தனார் நாச்சிமுத்துவின் மனைவி. ஈரோட்டில் இதே வீட்டில் பதினெட்டு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கொழுந்தனார் கோபியில் கடை போட்டார். பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். போகும்போது அந்தப் போனும் போனது.

அதற்கும் முன்பே அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு வாரப் பத்திரிகை நடத்திய சமையல் போட்டியில் என் நிலக்கடலைக் குழம்புக்கு முதல் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் என் படம் வந்தது. சிலருக்கு அதெல்லாம் தாங்காது. வேறென்ன சொல்ல.

மார்ச் 11

கூப்பிடவில்லை. மிளகாய் காயப்போட்டேன்.

மார்ச் 12

"கேட்டா வாயில இருந்து முத்தா உதுந்துரும்?" என்று இவர் காலையிலிருந்து நான்கு முறை கேட்டுவிட்டார். அந்தத் தொல்லை தாங்காமல்தான் கூப்பிட்டேன். வேறு காரணம் இல்லை.

மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க்கா."

இரண்டு வருடம் கழித்து வரும் போனுக்கு "சொல்லுங்க்கா" என்கிறாள், நேற்றுச் சாயங்காலம் பேசி வைத்த மாதிரி. நானும் விடவில்லை. "உன்ற போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதச் சொல்லு. சமையல் ஆப்புக்கு" என்றேன். நலம் விசாரிக்கவில்லை. அவளும் விசாரிக்கவில்லை.

"வந்துருச்சுங்க்கா. நாலுங்க்கா... ஒம்பதுங்க்கா... அப்பறம் ரெண்டுங்க்கா..."

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு "ங்க்கா" போட்டுச் சொன்னாள். ஆறாவது எண் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஓடிபிக்கு ஆயுள் அரை நிமிடம்தான். இன்னொன்று வரவழைத்தேன். அதற்கும் அதே மரியாதை. மூன்றாவது முறை, "மரியாதையெல்லாம் கடைசியில மொத்தமாக் குடு கண்ணு, இப்ப நம்பரை மட்டும் சொல்லு" என்றேன்.

கண்ணு என்று வாய் தவறி வந்துவிட்டது. பழக்கதோஷம்.

கடகடவென்று சொன்னாள். ஆப் திறந்தது. "சரி, வெக்கறேன்" என்று வைத்துவிட்டேன். இருநூற்றுப் பதினான்கும் பத்திரமாக இருக்கின்றன. புது நோட்டு வாங்கி வந்து ஒன்பது குறிப்புகளை எழுதினேன். கை வலிக்கிறது.

மார்ச் 13

காலையில் ஆப்பைத் திறந்தால் மறுபடி வெளியே. "உங்கள் கணக்கு வேறு கருவியில் திறக்கப்பட்டுள்ளது" என்று ஏதோ சொல்கிறது. மூடப்போகிற கடையில் யார் ஒழுங்காக வேலை பார்ப்பார்கள்? மறுபடி மரகதத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

இன்று ஒரே தடவையில் சொன்னாள். அப்புறம், "மாமா நல்லா இருக்காங்களாக்கா?" என்றாள். "இருக்காரு" என்றேன். "சின்னவரு?" என்றேன். "இருக்காருங்க" என்றாள். சமமாகிவிட்டது.

மார்ச் 15

தினமும் வெளியே தள்ளுகிறது, தினமும் ஓடிபி. பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் அவளுக்கும் வசதி என்று நேரம் வைத்துக்கொண்டோம்.

இன்று ஒரு பெரிய குண்டு. எழுதிய குறிப்பைப் பார்த்துக் கொள்ளுத் துவையல் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். "ரோசாப்பூ டம்ளரில் ஒன்று கொள்ளு" என்றிருக்கிறது. அடுத்த வரியில் "வளைந்த கரண்டியில் இரண்டு எண்ணெய்." எங்கள் ஊர்ப் போளியான ஒப்புட்டின் குறிப்பில் "சின்னப் போசி நிறைய வெல்லம்." கிராம், லிட்டர் என்று ஓரிடத்திலும் இல்லை. எங்கள் வீட்டுப் பாத்திரத்தை வைத்தே அளவு எழுதியிருக்கிறோம். ரோசாப்பூ டம்ளர், வளைந்த கரண்டி, சின்னப் போசி மூன்றும் பாகம் பிரித்தபோது கோபிக்குப் போய்விட்டன.

"உங்களுக்குத்தான் பெரிய உருளி வந்துச்சுல்லங்க்கா" என்றாள் மரகதம், நான் குறை சொல்வதாக நினைத்து.

"உருளிய வெச்சுக் கொள்ளு அளக்க முடியுமா? ரோசாப்பூ டம்ளர்ல தண்ணி புடிச்சு, அளவு கோப்பையில ஊத்திப் பாத்துச் சொல்லு."

குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. "நூத்தி அறுவதுங்க்கா. வாய்வரைக்கும் ஊத்துனா நூத்தி எழுவத்தஞ்சு. நம்ம வாய்வரைக்குமா அளப்போம்?"

"நீ வாய்வரைக்கும் அளப்ப. நான் ஒரு விரல் கம்மியா அளப்பேன்."

"அதனாலதான் உங்க தொவையல் எப்பவும் தண்ணியா இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அடக்கியது அவளுக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பதினொன்றுக்கு ஆரம்பித்தது, பாத்திரம் அளந்து முடிக்கப் பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. வேலை அப்படி.

மார்ச் 17

கையால் எழுதினால் மே மாதம் ஆகும் என்று தெரிந்துவிட்டது. மரகதம்தான் வழி சொன்னாள். "மூணு வெரலை வெச்சுக் கீழ இழுங்க்கா. போட்டோவா விழுந்துரும்."

இழுத்தேன். விழுந்தது. இன்று ஒரே நாளில் நாற்பது. கூடவே வானிலைப் படம் ஆறு, கேமரா தவறித் திறந்து என் கட்டைவிரல் படம் இரண்டு, மரகதத்தின் பெயர் தெரியும் போன் பக்கம் ஒன்று. மூன்று விரலா என்று எண்ணிப் பார்த்து இழுக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 19

பிரஷர் 138/86. உப்பைக் குறைத்ததன் பலன்.

குறிப்புகளைவிடக் குறிப்புகளுக்கு அடியில் நாங்கள் இருவரும் எழுதி வைத்தவைதான் அதிகம். ஆப் ஒவ்வொரு வரியிலும் பெயரும் தேதியும் போட்டு வைத்திருக்கிறது. பயறு கடைசலுக்குக் கீழே நான்: "மாமனாருக்குக் காரம் ஆகாது." அதற்குக் கீழே அவள்: "ஆகாதுன்னு சொல்லிட்டு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க." மீன் குழம்புக்குக் கீழே அவள்: "இது செய்யும்போது அக்காகிட்டப் பேசக் கூடாது." அப்போது நான் இதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அன்றே ஒரு பஞ்சாயத்து வைத்திருப்பேன்.

போனில் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பின்னால் கொழுந்தனார் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று ஓடிவந்தார். இங்கே இவரும் எட்டிப் பார்த்தார். "ஓடிபி வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 20

ஒப்புட்டு செய்து பார்த்தேன். சரியான அளவு வெல்லம். இவர் ஐந்து சாப்பிட்டார்.

மார்ச் 22

நூற்று எண்பத்தொன்று முடிந்தது. இன்று நிலக்கடலைக் குழம்பு வரை வந்தேன். அதை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். வெயில் அதிகம்.

மார்ச் 24

நான் என்ன எழுதினாலும் படிக்கப்போவது நான்தான். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் குழம்பின் விசேஷமே நிலக்கடலையை வறுத்து, தோலை நீக்காமல் அரைப்பதுதான். தோலில் ஒரு துவர்ப்பு இருக்கிறது. அது புளியோடு சேரும்போதுதான் அந்த ருசி. போட்டியில் நடுவர்கள் அதைத்தான் கேட்டார்கள். "எப்படித் தோணுச்சு?" என்றார்கள். "தானாத் தோணுச்சு" என்றேன். பத்திரிகையிலும் அப்படியே வந்தது.

ஆப்பில் அந்தக் குறிப்புக்கு அடியில் இரண்டு வரிகள் இருக்கின்றன. போட்டிக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

மரகதம்: "அக்கா தோலை நீக்கச் சொன்னாங்க. கரண்டு போறதுக்குள்ள அரைக்கணும்னு தோலோடவே போட்டுட்டேன். நல்லாத்தான் இருக்குது."

அதற்குக் கீழே கோகிலவாணி. கோகிலவாணி நான்தான். "மரகதம், பிரமாதம். இனிமே இதுதான் நம்ம வீட்டுக் குழம்பு."

நான் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று வருடம் செய்து செய்து அது என்னுடையது என்றே என் கை நம்பிவிட்டது. இது உண்மைதான். ஆனால் இந்த உண்மை எனக்கே கொஞ்சம் வசதியாக இருக்கிறது.

வரிக்குப் பக்கத்தில் "அழி" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மிளகாயைக் காக்கை கிளறுகிறதா என்று பார்க்க மாடிக்குப் போய்விட்டேன். காக்கை இல்லை. மிளகாயும் இல்லை, அதைப் போன வாரமே அரைத்தாகிவிட்டது.

அழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முப்பத்தொன்றாம் தேதி அதுவாகவே போய்விடும்.

மார்ச் 26

பிரஷர் 148/92.

மரகதம் ஆறு எண்ணையும் சொல்லிவிட்டுக் கேட்டாள். "எல்லாத்தையும் எடுத்துட்டீங்களாக்கா?"

"இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்குது."

"நெலக்கடலக் கொழம்பு எடுத்தாச்சுங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். நான், "அதை எதுக்கு எடுத்துட்டு? அது எனக்கு மனப்பாடம்" என்றேன்.

"சரிங்க்கா" என்று வைத்துவிட்டாள். இன்று பேசியது மூன்று நிமிடம்.

மார்ச் 27

அதிசயம். ஆப் இன்று என்னை வெளியே தள்ளவில்லை. நேற்று விட்ட இடத்திலேயே திறந்திருக்கிறது. ஓடிபி தேவையில்லை.

பதினோரு மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட ஒரு காரணமும் இல்லை. கீழே வைத்துவிட்டேன்.

மார்ச் 28

இன்றும் தள்ளவில்லை. நல்லதுதானே. பதினேழு நாளாக இதற்காகத்தானே பாடாய்ப் பட்டேன். ஏனோ எரிச்சலாக வருகிறது. இவரிடம் தேவையில்லாமல் கத்தினேன். பாவம், சட்னியில் உப்பில்லை என்றுதான் சொன்னார். உப்பு இல்லைதான்.

மார்ச் 29

மூன்றாவது நாளாகத் திறந்தே இருக்கிறது.

இருநூற்றுப் பதிமூன்றும் முடிந்தது. எல்லாவற்றையும் அச்சுக் கடையில் கொடுத்து, எடுத்து, துளை போட்டுக் கோத்தாகிவிட்டது. இவர் தூக்கிப் பார்த்து, "ஏம் கோகிலா, இத்தன கனமா இருக்குது, உன்ற மூஞ்சி ஏன் தொங்கிப்போச்சு?" என்றார்.

எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கோத்த தாள்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அவள்தான் இருக்கிறாள். இந்தப் பதினைந்து நாளாக ஆப் திறக்க வேண்டும் என்பதற்காக நான் பதினோரு மணிக்குக் காத்திருக்கவில்லை. அவள் குரலுக்குக் காத்திருந்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

மார்ச் 30

அன்று என்ன நடந்தது என்பதையும் எழுதாமல் இந்த டைரியை மூட முடியாது.

பரிசு வாங்கிய பதினைந்தாம் நாள் காங்கேயத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் எல்லோரும் என் குழம்பைப் பற்றியே பேச்சு. மரகதம் என் காதருகில் குனிந்து, "அக்கா, தோலோட அரைச்சது நானுங்களே, அதயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் பந்தி முழுக்கக் கேட்கும்படி, "அடுப்புக்கிட்ட நின்னவளெல்லாம் சமையக்காரின்னா ஊருல பாதிப்பேரு சமையக்காரிதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

பொறாமைப்பட்டாள் என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்ன ஜென்மம் நான்.

போனில் தனியாக மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடுமா? திட்டியது பந்தியில். கேட்பது காதுக்குள்ளா?

மார்ச் 31

ஆப் மாலை ஆறு மணிக்கு மூடும். காலை ஒன்பதரைக்கு மூன்று விரலை வைத்து இழுத்தேன். இருநூற்றுப் பதினான்காவது. குறிப்பு, அவள் வரி, என் வரி, தேதி எல்லாம் தெரியும்படி விழுந்தது.

அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அறுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அன்று பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு. கீழே இப்படி எழுதினேன்: "பரிசு வாங்கிய நிலக்கடலைக் குழம்பு மரகதம் கண்டுபிடித்தது. தேதியைப் பாருங்கள். அது என்னுடையது என்று சொன்னது பொய். காங்கேயத்துப் பந்தியில் அவளை அப்படிப் பேசியது அதைவிடப் பெரிய தப்பு. எல்லார் முன்னாலும் பேசினேன், அதனால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். கோகிலவாணி."

அனுப்பும் முன் நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படித்தால் அனுப்ப மாட்டேன் என்று தெரிந்து அனுப்பிவிட்டேன்.

உடனே ஒரு பதில் வந்தது. சென்னிமலைச் சித்தப்பா. தாமரைப் பூவோடு "இனிய காலை வணக்கம்." அவர் எதையும் படிப்பதில்லை. அடுத்து தாராபுரத்தில் இருக்கும் மச்சாண்டார் மகள், இவருடைய அண்ணன் பெண்: "சித்தி, புளி எவ்வளவு?" பிறகு காங்கேயத்து அத்தை, எழுபத்தெட்டு வயது, குரல் பதிவு போட்டார்: "எனக்கு அன்னைக்கே தெரியும் சாமி. கோகிலா கைக்குத் தொவர்ப்பு வராது." என் மானம் கப்பலேறியதோடு நில்லாமல் கைப்பக்குவத்தையும் ஏற்றி அனுப்பிவிட்டார். இவர் அதை மூன்று முறை போட்டுக் கேட்டார்.

மரகதத்திடமிருந்து ஒன்றுமில்லை. படித்துவிட்டாள் என்று மட்டும் காட்டியது. பத்து மணி. பத்தரை. நான் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஒரு மன்னிப்பு இரண்டு வருடத்தை அழித்துவிடுமா, அவள் பேசாவிட்டாலும் நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, அழுகைதான் வந்தது.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. இந்த முறை கூப்பிட்டது அவள்.

"அக்கா."

"சொல்லு கண்ணு."

"நான் ஒண்ணு சொல்லோணும். நீங்க திட்டக் கூடாது."

திட்டும் நிலையிலா நான் இருக்கிறேன்?

"அந்த ஆப்பு ஒரு நேரத்துல ஒரு போன்லதான் தெறக்குமுங்க. நீங்க காலையில தெறந்தா, நான் சாயங்காலம் என்ற போன்ல தெறந்துருவேன். அப்ப உங்களத் தள்ளிவுட்டுரும்."

"எதுக்குடி?"

"மொத நாளு, நானும் பாக்கலாமேன்னு தெறந்தேன். அடுத்த நாளு நீங்க ஓடிபி கேட்டுக் கூப்புட்டீங்க. அப்பறம் தெனமும் தெறந்தேன். கொறிப்பு எல்லாத்தையும் நான் கோபிக்கு வர்றப்பவே எடுத்து வெச்சுட்டனுங்க்கா. ஒரு நாள்ல உங்களுக்கு அனுப்பியிருக்கலாம்."

ஆப்காரர்களைப் பதினைந்து நாளாக நான் திட்டாத திட்டில்லை.

"அன்னைக்கு நீங்க மனப்பாடம்னு சொன்னதும் மனசு விட்டுப்போச்சு. அப்பறம் தெறக்கல" என்றாள். இப்போது அவள் குரலும் சரியில்லை. மூக்கை உறிஞ்சினாள். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ "உள்ள போ, உள்ள போ" என்று கத்தினார்கள்.

"எங்க இருக்க நீ? என்ன சத்தம்?"

"பஸ்ல ஏறிட்டனுங்க்கா. கோபி ஸ்டாண்டுல. இவரு கடையப் பாத்துக்கறேன்னுட்டாரு. சாப்பாட்டுக்கு வந்துருவேன், எனக்கும் சேத்து ஒல வெச்சுருங்க."

வைத்துவிட்டாள். பஸ் வர ஒன்றே கால் மணி நேரம் ஆகும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிற்கிறேன். இருநூற்றுப் பதினான்கு குறிப்புகள் கையில் இருக்கின்றன, அவளுக்கு என்ன சமைத்துப் போடுவது என்றுதான் தெரியவில்லை.